மாநிலத் தரவில் நிக்கல் பிறழ்ச்சியைத் திருத்தும் முறை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பொருளாதார ஆய்வேடு எழுதும் நம் மாணவர்கள் பலர் இருவகைத் தரவுகளைக் கையாள்கிறார்கள். ஒன்று, புள்ளிவிவரத் துறை வெளியிடும் மாநிலவாரியான ஆண்டுத் தரவு. மற்றொன்று, புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் கணக்குகள். சென்ற ஆண்டின் மதிப்பையும் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் சேர்த்துவிட்டால், அது இயங்குநிலை பேனல் மாதிரியாகிவிடும் (பேனல் என்பது மாநிலம், நிறுவனம் போன்ற பல அலகுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் தரவு). ஒவ்வோர் அலகின் மாறாத இயல்பையும் நீக்கும் வழக்கமான நிலைத்த விளைவு முறை அப்போது சரியான விடை தராது.

இம்முறையில் ஒவ்வொரு மாநிலத்தின் சராசரியையும் கழிக்கும்போது, அந்தச் சராசரிக்குள் எல்லா ஆண்டுகளின் பிழைகளும் (மாதிரி விளக்காத பகுதிகள்) கலந்திருப்பதால், சென்ற ஆண்டு மதிப்பு பிழை உறுப்போடு தொடர்புகொண்டுவிடுகிறது. இதனால் கெழு, அதாவது சென்ற ஆண்டு மதிப்பின் பெருக்கெண், பிறழ்வதைப் பொருளியலாளர் ஸ்டீபன் நிக்கல் 1981-இல் விளக்கினார்; அதுவே நிக்கல் பிறழ்ச்சி. கெழுவோடு ஒன்றைக் கூட்டி, ஆண்டு எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால், கெழு ஏறத்தாழ எவ்வளவு கீழே இறங்கும் என்பது தெரியும். உண்மைக் கெழு 0.5, ஆண்டுகள் 10 எனில் இறக்கம் சுமார் 0.17. மாநிலங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது குறையாது. ஆண்டுகள் கூடினால்தான் குறையும்.

முதலில், நிலைத்த விளைவு இல்லாத சாதாரண முறையிலும், நிலைத்த விளைவு முறையிலும் கெழுவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முன்னது மேல்நோக்கியும் பின்னது கீழ்நோக்கியும் பிறழும் என்பதால், திருத்திய விடை பொதுவாக இவ்விரண்டுக்கும் இடையில் அமைய வேண்டும்.

அடுத்து, தரவின் வடிவத்தைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான நிறுவனங்களும் ஏழெட்டு ஆண்டுகளும் இருந்தால், அரெல்லானோ, பாண்ட் ஆகியோர் 1991-இல் வகுத்த ஜிஎம்எம் முறை பொருந்தும்; அது முந்தைய ஆண்டுகளின் மதிப்புகளைக் கருவி மாறிகளாக, அதாவது பிழையோடு தொடர்பற்ற துணை மாறிகளாக, கொள்கிறது. பிழைகள் ஈராண்டு இடைவெளியில் தொடர்புகொள்கின்றனவா என்று பார்க்கும் இரண்டாம் வரிசைத் தன்தொடர்புச் சோதனையும், சிறு மாதிரிக்காக வின்ட்மையர் திருத்திய திட்டப் பிழையும் அதில் கட்டாயம். மாநிலத் தரவோ வேறு வகை. மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் புத்ராஜெயா கோலாலம்பூரோடு சேர்க்கப்படுவதால், நமக்குக் கிடைப்பவை 15 அலகுகளே. இதில் ஜிஎம்எம் முறையை ஓட்டினால் கருவி மாறிகள் அலகுகளை மிஞ்சிவிடும். கருவி மாறிகள் தகுந்தவையா என்று பார்க்கும் ஹான்சன் சோதனையின் பி மதிப்பு 1.00 என்று வருவது நல்ல செய்தியன்று, சோதனை வலுவிழந்துவிட்டதன் அறிகுறி. எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக இம்முறையை இங்கே கையாளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிறிய அலகு எண்ணிக்கைக்கு 1995-இல் கிவியட் தந்த நேரடித் திருத்தம் உண்டு; ஆனால் மற்ற விளக்க மாறிகள் பிழையோடு எந்த ஆண்டிலும் தொடர்பற்றவை என்று அது கருதுகிறது. முந்தைய வளர்ச்சியைப் பார்த்து முதலீடு மாறும் இடத்தில் அந்தக் கருதுகோள் நிற்காது. ஆகவே, தேன், யோக்மன்ஸ் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட, ஆண்டுகளை இரு பாதிகளாகப் பிரித்துக் கணக்கிடும் அரைப்பேனல் ஜாக்நைஃப் முறையையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 18 ஆண்டுத் தரவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழுத் தரவில் கெழு 0.65, முதல் 9 ஆண்டுகளில் 0.55, பின் 9 ஆண்டுகளில் 0.51, இவ்விரண்டின் சராசரி 0.53. முழுக் கெழுவை இரட்டித்து, 1.30-இலிருந்து 0.53-ஐக் கழித்தால் திருத்திய கெழு 0.77.

இரு பாதிகளும் ஒரே இயல்புடையவை என்பது இம்முறையின் அடிப்படை. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலம் இரண்டாம் பாதியில் விழும்போது இது ஆட்டம் காணும். ஆண்டு மாறிகளை (ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு 0/1 மாறி) சேர்த்தால் நாடு முழுவதற்கும் பொதுவான அதிர்ச்சி நீங்கும். ஆயினும் சுற்றுலாவைச் சார்ந்த மாநிலங்கள் கூடுதலாகச் சரிந்திருந்தால் அந்த வேறுபாடு நீங்காது. எனவே 2019 வரையிலான தரவில் மட்டும் ஒருமுறை கணக்கிட்டு, இரு விடைகளையும் ஆய்வேட்டில் அருகருகே காட்டுங்கள்.

நீண்டகால விளைவைக் கணக்கிடும்போது இந்தத் திருத்தம் மிகவும் முக்கியமாகிறது. குறுகியகால விளைவை, ஒன்றிலிருந்து கெழுவைக் கழித்து வருவதால் வகுக்கிறோம், 0.65 எனில் அது சுமார் 2.9 மடங்காகும், 0.77 எனில் 4.3 மடங்காகும். குறுகியகால விளைவின் கெழுவையும் அதே பாதிகளைக் கொண்டு திருத்திய பிறகே இந்த வகுத்தலைச் செய்ய வேண்டும்.