குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்துக்குள் குழந்தையின் உணர்வும் உறவும் எப்படி வளர்கின்றன என்று ஆராய வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, வீட்டுக்குப் போகாமலே வீட்டைப் பற்றி எழுதத் துணிவதாகும். தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை அளப்பதில் புகழ்பெற்ற ‘அந்நியச் சூழல்’ சோதனை, ஒரு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்து, அவர் திரும்பி வரும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சுமார் 20 நிமிடங்களில் பார்த்து முடிக்கிறது. ஆனால் அதை வகுத்த மேரி ஐன்ஸ்வொர்த், 1950களில் உகாண்டாவின் கிராம வீடுகளில் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கவனித்தவர். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களை, குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்து பார்த்தவர். அந்தக் கவனிப்புதான் சோதனைக்குப் பொருள் தந்தது. பின்வந்த பலர் சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டதில் அவருக்கே வருத்தம் இருந்தது.

1980களில் ஜப்பானின் சப்போரோவில் இதே சோதனையை நடத்தியபோது, குழந்தைகள் பல தேற்ற முடியாதபடி அழுதன. பிணைப்பில் குறை இருப்பதாகச் சோதனையின் மதிப்பீட்டு அட்டவணை காட்டியது. தாயை விட்டு அரிதாகவே பிரியும் குழந்தைக்கு அந்தத் தனியறையே பேரச்சம் என்பதை அட்டவணை காட்டவில்லை. பாட்டி இடுப்பிலும் அத்தை மடியிலும் வளரும் குழந்தையிடம் இதை நடத்த நினைப்பவர், தாம் எதை அளக்கிறோம் என்று முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

கண்டிப்பான பெற்றோரின் பிள்ளை முரட்டுத்தனமாக இருந்தால் கண்டிப்பே காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. பிள்ளையின் முரட்டுத்தனமே கண்டிப்பை வரவழைத்திருக்கலாம் என்று உளவியலாளர் ரிச்சர்ட் பெல் 1968இலேயே சுட்டிக்காட்டினார். தாயிடம் மட்டும் கேள்வித்தாளை நீட்டிவிட்டுத் தந்தையையும் உடன்பிறந்தவர்களையும் மறப்பது இதைவிடப் பரவலானது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வீடுகளில் உளவியலாளர் ஜூடி டன் கவனித்த சின்னஞ்சிறுசுகள், அண்ணனைச் சீண்ட வேண்டுமென்றால் அவன் உயிராய் வைத்திருக்கும் பொருளையே பறித்தன. பிறர் மனத்தை அந்த வயதில் அவ்வளவு துல்லியமாக அறிவதை எந்தக் கேள்வித்தாளும் பிடித்திருக்காது.

முனைவர் பட்டத்துக்குள் ஒரு குழந்தை வளர்ந்து முடிந்துவிடாது என்பதால், நீண்டகாலத் தரவைத் தாமே திரட்ட முயல்வதைவிட, இந்தியா (ஆந்திரம், தெலங்கானா) உட்பட நான்கு நாடுகளில் சுமார் 12,000 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடரும் ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு போன்றவற்றின் தரவைப் பயன்படுத்துவது நல்லது.

‘நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது’ என்று குடும்பத்துக்கு வாக்குக் கொடுப்பது கடைசித் தவறு. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் எவராயினும் புகார் செய்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். இந்த விலக்கு, கையெழுத்து வாங்கும் முன்பே ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.