ரேஸ் டிராக் காரின் ஏரோவைப் படிப்பது எப்படி? ஒரு கால்குலேட்டர் போதும்

புது ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் நாம் முதலில் தேடுவது மூன்று எண்கள்: குதிரைத்திறன், 0–100, உச்ச வேகம். ரேஸ் டிராக்கில் அந்தக் கார் எப்படி ஓடும் என்று தெரிய இந்த மூன்றும் போதாது. அதிலும் உச்ச வேகம் ஆளை நன்றாகவே ஏமாற்றும். உச்ச வேகம் குறைந்த கார் டிராக்கில் முந்திக்கொண்டு போகும்.

காரணம் ஏரோ, அதாவது கார் மேல் பாயும் காற்றைக் கையாளும் வடிவமைப்பு. அது எப்படி என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கால்குலேட்டர், காரின் முன், பின், பக்கவாட்டுப் படங்கள், யூடியூபில் ஒரு ஆன்போர்டு வீடியோ (ஓடும் காருக்குள்ளிருந்தே எடுத்தது) இருந்தால் சரி.

பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 2016 டாட்ஜ் வைப்பர் ஏசிஆர், அதாவது வைப்பர் ஸ்போர்ட்ஸ் காரின் ரேஸ் டிராக் வகை. 8.4 லிட்டர் வி10, 645 குதிரைத்திறன், டர்போ கிடையாது. வைப்பர் உற்பத்தியே 2017இல் நின்றுவிட்டது. ஆனாலும் ஏரோ கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் எனக்குத் தெரியவில்லை. காற்றை ஆளும் பாகங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே இருக்கின்றன, சிலவற்றைக் கழற்றி மாட்டவும் முடியும்.

படி 1: ஒரே இன்ஜின், இரண்டு உச்ச வேகம்

சாதாரண வைப்பரின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 331 கி.மீ. அதே இன்ஜின் உள்ள ஏசிஆர், பெரிய விங் (பின்னால் நிற்கும் இறக்கை) உள்ள 'எக்ஸ்ட்ரீம் ஏரோ' பேக்கேஜ் மாட்டினால் சுமார் 285 கி.மீ.யில் நின்றுவிடும். மீதி 46 கி.மீ.யைக் காற்று தின்றுவிட்டது.

எவ்வளவு தின்றது என்று பார்ப்போம். காற்றுத் தடையை எதிர்த்து ஓடத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 331ஐ 285ஆல் வகுத்தால் 1.16. அந்த எண்ணை மூன்று முறை வைத்துப் பெருக்கினால் ஏறக்குறைய 1.57. ஒரே வேகத்தில் ஓடும்போது ஏசிஆர் சந்திக்கும் காற்றுத் தடை, சாதாரண வைப்பரைப் போல் ஒன்றரை மடங்கு என்று இதற்குப் பொருள். டயர் உருளும்போது வரும் தடையையும் கியர் விகிதத்தையும் விட்டுவிட்டதால் இது தோராயக் கணக்குதான். முதல் மதிப்பீட்டுக்கு இது போதும்.

வேறு எந்தக் காரை எடுத்தாலும் இப்படித் தொடங்குங்கள். பெரிய விங் உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் உச்ச வேகம் தனித்தனியாகக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: கொடுத்த விலைக்கு என்ன கிடைத்தது?

கிடைத்தது டவுன்ஃபோர்ஸ், காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை. உச்ச வேகத்தில் இது ஏறக்குறைய ஒரு டன் என்று டாட்ஜ் அறிவித்தது. அது அமெரிக்க டன், நம் கணக்கில் 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் புதிதாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அந்த 900 கிலோ 285 கி.மீ. வேகத்தில் மட்டுமே உண்டு. டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும், வேகம் பாதியானால் அது கால்வாசிதான். வேண்டிய வேகத்தை 285ஆல் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 900ஆல் பெருக்குங்கள். மணிக்கு 200 கி.மீ.யில் சுமார் 440 கிலோ வரும். 140இல் 217. 100இல் 110. 60 கி.மீ.யில் வெறும் 40 கிலோ, ஒரு பள்ளிக்கூடப் பையனின் எடை. ஊருக்குள் ஓட்டும் காரில் பெரிய விங் மாட்டுவது அழகுக்கு மட்டுமே என்பதை இந்த 40 கிலோவே சொல்லிவிடும்.

படி 3: திருப்பத்தில் எவ்வளவு லாபம்?

ஏசிஆரின் எடை 1,500 கிலோவைச் சற்றுத் தாண்டும். வசதிக்காக 1,500 என்றே வைப்போம். மணிக்கு 200 கி.மீ.யில் கூடுதல் அழுத்தம் 440 கிலோ, அதாவது டயர் மேல் 29 சதவீதம் அதிகச் சுமை. சுமை கூடினால் பிடிமானமும் கூடும். திருப்பத்தில் போகக்கூடிய வேகம் பிடிமானத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால் 1.29க்கு வர்க்கமூலம் பாருங்கள்: 1.136. டவுன்ஃபோர்ஸ் இல்லாமல் 176 கி.மீ.யில் எடுக்க வேண்டிய திருப்பத்தை இந்தக் கார் 200இல் எடுக்கும்.

நிஜத்தில் இவ்வளவு கிடைக்காது. சுமை ஏற ஏற டயர் அதே விகிதத்தில் பிடிமானம் தருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். அப்படியே பார்த்தாலும் வேகமான ஒரு திருப்பத்தில் மணிக்கு இருபது கி.மீ. கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. பிரேக் போடும்போதும் இதே அழுத்தம் உதவும்.

டிக்கியில் 440 கிலோ மணல் மூட்டை வைத்தாலும் சுமை கூடுமே என்று கேட்கலாம். கூடும், ஆனால் அந்த மூட்டையையும் சேர்த்து அல்லவா திருப்ப வேண்டும்? காற்று தரும் சுமைக்கு நிறை கிடையாது. ஏரோவின் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு வரிதான்.

படி 4: முன் பக்கத்தைப் பாருங்கள்

எல்லோர் கண்ணும் பின்னால் இருக்கும் விங் மேல்தான் போகும். பின்னால் மட்டும் அழுத்தினால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். ஆகவே விங் பெரிதாக இருந்தால் அதற்கு ஈடாக முன்னால் என்ன இருக்கிறது என்று தேடுங்கள்.

ஏசிஆரில் பம்பருக்கு அடியில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ஸ்பிளிட்டர். அதன் நீட்சியைக் கழற்றலாம். பம்பரின் இரு ஓரங்களிலும் சிறு இறக்கைகள் உண்டு. முன் சக்கரங்களுக்கு மேலே பானட்டில் திறப்புகள் இருக்கும், சக்கர அறைக்குள் மாட்டிக்கொண்ட காற்று அதன் வழியே வெளியேறும். ஸ்பிளிட்டர் நீட்சியைக் கழற்றினால் பின் விங்கின் கோணத்தையும் குறைத்தாக வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றைத் தொடக் கூடாது.

அமெரிக்காவின் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) செய்யும் இன்றைய கொர்வெட் ஸீஆர்1 ஸ்போர்ட்ஸ் கார் இதை வேறு விதமாகச் செய்கிறது. இன்ஜின் நடுவில் இருப்பதால் முன்னால் பெட்டி வைக்கும் இடம் இருந்தது. அதைத் தியாகம் செய்துவிட்டு, மூக்கில் நுழையும் காற்று ரேடியேட்டரைத் தாண்டி பானட் வழியே மேலே பாயும்படி வழி விட்டார்கள். குளிரூட்டலும் ஆயிற்று, முன் அழுத்தமும் ஆயிற்று.

படி 5: விங் அசைகிறதா?

நேர் பாதையில் விங் பாரம், திருப்பத்தில் அதுவே பலம். இரண்டுக்கும் ஒரே கோணம் எதற்கு? இந்தக் கேள்விக்கு டெக்சாஸ்காரர் ஜிம் ஹால் 1966லேயே பதில் செய்து காட்டிவிட்டார். அவருடைய சாப்பரல் 2இ ரேஸ் காரில் உயரமான கம்பங்கள் மேல் விங் நின்றது. அந்தக் கம்பங்களின் அடி, பாடியில் இல்லாமல் நேராகப் பின் சக்கர சஸ்பென்ஷனில் இருந்தது. கிளட்ச் பெடல் தேவைப்படாத கார் என்பதால் டிரைவரின் இடது கால் சும்மா இருந்தது. அந்தக் காலால் ஒரு பெடலை மிதித்தால் விங் தட்டையாகிவிடும்! அந்த ஆண்டு கலிபோர்னியாவின் லகூனா செகா டிராக்கில் ஃபில் ஹில் அதை ஓட்டி வென்றார்.

ஃபோர்டு மஸ்டாங் ஜிடிடியில் அதே வேலையைக் கணினியும் ஹைட்ராலிக்கும் செய்கின்றன. பின் விங்கின் கோணம் ஓடும்போதே மாறும், காருக்கு அடியில் முன் பக்கத்தில் சிறு மடல்களும் கூடவே திறந்து மூடும். முன் பின் சமநிலை கெடாமல் இருக்க இரண்டும் சேர்ந்து அசைய வேண்டும், படி 4இல் பார்த்த அதே காரணம்தான். டிராக் மோடில் கார் 40 மி.மீ. அளவுக்குத் தரையை நோக்கி இறங்கவும் செய்யும். அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி குறைந்தால் அங்கே ஓடும் காற்றின் அழுத்தம் குறைந்து கார் கீழே இழுக்கப்படும்.

படி 6: நேர்புர்க்ரிங் நேரத்தை எச்சரிக்கையாகப் படியுங்கள்

ஜெர்மனியின் நேர்புர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப என்ற நீண்ட ரேஸ் டிராக்கில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்தான் எல்லோரும் காட்டும் சான்றிதழ். ஆனால் அங்கே இரண்டு அளவுகள் உண்டு. முன்பு 20.6 கி.மீ.க்குத்தான் நேரம் சொல்வார்கள், 2019 முதல் முழுச் சுற்றான 20.832 கி.மீ.தான் அதிகாரபூர்வம். 2021இல் ஒரு போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ், ஒரே கார், இரண்டு அளவிலும் நேரம் பதித்தது: 6:38.835, 6:43.300. வித்தியாசம் நாலரை நொடி.

2017இல் ரசிகர்களின் பணத்தில் அங்கே போன வைப்பர் ஏசிஆர் 7:01.3இல் சுற்றியது, பழைய அளவில். நாலரை நொடி கூட்டினால் சுமார் 7:06. மஸ்டாங் ஜிடிடியின் முதல் நேரம் 6:57.685, பிறகு 2025இல் 6:52.072. இரண்டும் முழுச் சுற்று. அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் வைப்பருக்கு நாலரை நொடி இனாமாகக் கொடுத்திருப்போம்.

அடுத்து, சராசரி வேகம் கணக்கிடுங்கள். மஸ்டாங்கின் முதல் நேரமான 6:57.685 என்பது 417.685 நொடி. 20.832 கி.மீ.யை அதனால் வகுத்து 3,600ஆல் பெருக்கினால் மணிக்கு சுமார் 180 கி.மீ. ஆகவே ஒரு காரின் டவுன்ஃபோர்ஸை அளக்க உச்ச வேகத்தைவிட இந்த 180தான் பொருத்தமான இடம். வைப்பருக்கு அங்கே சுமார் 360 கிலோ வருகிறது. ஆன்போர்டு வீடியோவில் ஷ்வேடன்க்ரோய்ட்ஸ் திருப்பத்தின் வேகத்தையும், கடைசியில் வரும் டோட்டிங்கர் ஹோஹே நீள்பாதையின் உச்ச வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது விங்கின் வரவு, இரண்டாவது செலவு.

பயிற்சிக்கு ஒன்று. 2025இல் கொர்வெட் அங்கே மூன்று கார்களைக் கொண்டுபோனது, மூன்றையும் ஓட்டியவர்கள் ஜிஎம் இன்ஜினியர்களே. 670 குதிரைத்திறன் ஸீ06: 7:11.826. 1,064 குதிரைத்திறன் ஸீஆர்1: 6:50.763. முன் சக்கரங்களுக்கு மின் மோட்டாரும் சேர்த்து 1,250 குதிரைத்திறன் தரும் ஸீஆர்1எக்ஸ்: 6:49.275. முதல் தாவலில் 21 நொடி, அடுத்ததில் ஒன்றரை நொடி மட்டும். ஓட்டியவர் வேறு, மோட்டாரும் பேட்டரியும் கூட்டிய எடை வேறு என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் மாறியது என்று வீடியோக்களைப் பக்கத்தில் வைத்துத் தேடிப் பாருங்கள்.