நாணயம் முதலில், கணினி பிறகு: சிறு பிள்ளைகளுக்கு நிகழ்தகவு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவை அறிமுகப்படுத்த நான் கையாளும் முறை இது. ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், ஸ்கிராட்ச் என்னும் இலவச நிரலாக்கச் செயலி, சில ஐம்பது காசு நாணயங்கள் இருந்தால் போதும். ஸ்கிராட்சை முன்கூட்டியே கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். தோட்டப்புறத்தில் இதைச் செய்யாமல் பாடத்தைத் தொடங்க வேண்டாம்.

முதல் படியில் எண்ணே கிடையாது. பலகையில் ஒரு கோடு இழுத்து, ஒரு முனையில் 'நடக்கவே நடக்காது' என்றும் மறுமுனையில் 'கட்டாயம் நடக்கும்' என்றும் நடுவில் 'பாதிக்குப் பாதி' என்றும் எழுதுங்கள். இரவில் மழை பெய்திருந்தால் காலையில் பால்மரம் வெட்ட (ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்க) போவார்களா என்று கேட்டபோது, "மழை எத்தனை மணிக்கு விட்டது, டீச்சர்?" என்று ஒரு மாணவி திருப்பிக் கேட்டாள். பட்டை காய்ந்திருக்குமா என்பது அவள் கணக்கு.

இரண்டாம் படியில், எத்தனை முறை எண் பக்கம் விழும் என்று ஒவ்வொரு குழுவும் முதலில் ஊகித்து எழுதிவிட்டு, நாணயத்தைப் பத்து முறை சுண்ட வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள். ஏழுக்கு மூன்று வந்த குழு தான் தவறு செய்துவிட்டதாக நினைத்து, ஒரு நாணயத்தை மெல்லப் புரட்டி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பத்துச் சுண்டல்களில் விளையக்கூடிய 1,024 வரிசைகளில் 252 மட்டுமே சரியாக ஐந்துக்கு ஐந்து. அதாவது, நான்கு குழுக்களில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் அது வாய்க்கும். மற்றவர்களிடம் பிழை ஏதும் இல்லை.

மூன்றாம் படியில்தான் கணினி. 'எண்', 'மறுபக்கம்' என இரண்டு மாறிகளை (எண்ணிக்கையை வைத்திருக்கும் பெட்டிகளை) உருவாக்கி, முதலில் இரண்டையும் 0 ஆக்குங்கள். பிறகு, 1000 முறை திரும்பச் செய்யும் கட்டளைக் கட்டைக்குள் (ஸ்கிராட்சில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு கட்டை), 1 முதல் 2 வரை ஏதேனும் ஓர் எண்ணை எடுத்து, 1 வந்தால் 'எண்' மாறியிலும் இல்லையேல் 'மறுபக்கம்' மாறியிலும் ஒன்றைக் கூட்டச் செய்யுங்கள். தொடக்கத்தில் 0 ஆக்க மறந்த நான், இரண்டாம் ஓட்டத்தில் மொத்தம் 2,000 வந்ததைக் கண்டு வகுப்பின் முன் விழித்தேன்.

ஒவ்வோர் ஓட்டத்திலும் 'எண்' பெரும்பாலும் 470-க்கும் 530-க்கும் இடையில் நிற்கும். பத்தில் தெரியாத சமநிலை ஆயிரத்தில் தெரிவதைக் காட்டத்தான் கணினி. அதற்குமுன் கை வலிக்கச் சுண்டியிராத பிள்ளைக்கு இது வெறும் படக்காட்சி.

"நாலு தடவை எண் வந்துவிட்டது, அடுத்தது வராது" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நாணயத்திற்கு நினைவு கிடையாது. ஐந்தாம் முறையும் பாதிக்குப் பாதிதான். (நான்கு இலக்க லாட்டரி எண் எடுக்கும் நம் பெரியவர்களில் பலர் இதை இன்னும் ஒப்புக்கொள்வதில்லை.)

கடைசியாக, பூசைப் பொருள் கடையில் கிடைக்கும் சோழி ஒன்றை 100 முறை வீசச் சொல்லுங்கள். விளைவு இரண்டே என்பதால் பாதிக்குப் பாதி ஆகிவிடாது என்பது இங்கே புலப்படும். சோழி மல்லாந்து விழுந்தது 38 முறை என்று வைத்துக்கொள்வோம். நிரலில் 1 முதல் 100 வரை எண் எடுக்கச் செய்து, 38-க்குள் வந்தால் 'மல்லாந்தது' என்று கணக்கிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவின் சோழிக்கும் அந்த எண் வேறாக இருக்கும்.