மெத்தில்கிளையாக்சல் கொடுத்த செல்களில் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் முறை

சர்க்கரை செல்லுக்குள் உடையும்போது பக்கவிளைவாகப் பிறப்பது மெத்தில்கிளையாக்சல். இரத்தக்குழாயின் உட்பரப்பு எண்டோதீலியச் செல்களில் அது, நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் ஈநாஸ் (eNOS) நொதியை முடக்கி நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது. குழாய்ச்சுவரின் மென்தசைச் செல்களிலோ அதே வேலையைச் செய்யும் இன்னொரு நொதியான ஐநாஸைத் (iNOS) தூண்டி அதையே கூட்டுகிறது. எனவே எந்தச் செல் என்பதை முடிவு செய்துகொண்டுதான் அளவு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் 40% மெத்தில்கிளையாக்சல் கரைசல் ஏறக்குறைய 6.5 மோலார். 15.4 மைக்ரோலிட்டரை 10 மில்லி நீரில் கலந்தால் 10 மில்லிமோலார். இதை அன்றன்றே தயாரியுங்கள். ஒரு மில்லி மீடியத்துக்கு (செல்கள் வளரும் திரவம்) 3 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 30 மைக்ரோமோலார். ஃபீனால் ரெட் என்ற சாயம் இல்லாத மீடியம் வேண்டும். அதன் நிறம் அளவீட்டில் குறுக்கிடும். சீரத்தையும் குறையுங்கள், அதன் புரதங்கள் மெத்தில்கிளையாக்சலைப் பிடித்துக்கொள்ளும்.

மென்தசைச் செல்லுக்கு கிரீஸ் சோதனை போதும்; நைட்ரிக் ஆக்சைடு மாறி உண்டாகும் நைட்ரைட்டை அது நிறமாகக் காட்டும். 50 மைக்ரோலிட்டர் மீடியத்துடன் அதே அளவு சல்ஃபானிலமைடு (5% பாஸ்பாரிக் அமிலத்தில் 1%) சேர்த்து இருட்டில் 10 நிமிடம் வையுங்கள். பிறகு 0.1% நாஃப்தைல் எத்திலீன் டைஅமீன் 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, அரை மணிக்குள் 540 நானோமீட்டரில் படியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய, அளவு தெரிந்த சோடியம் நைட்ரைட் ஸ்டாண்டர்டுகளை அதே மீடியத்தில்தான் கரைக்க வேண்டும். 2 மைக்ரோமோலாருக்குக் கீழே வரும் எண்ணை நம்பாதீர்கள். எண்டோதீலியச் செல்லின் நைட்ரைட் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

எண்டோதீலியச் செல்லுக்கு, நைட்ரிக் ஆக்சைடுடன் சேர்ந்தால் ஒளிரும் டாஃப்-எஃப்எம் டைஅசிடேட் (DAF-FM) சாயம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தச் சாயத்தில் அடுத்தடுத்து இரண்டு அமீன்கள் உள்ளன. மெத்தில்கிளையாக்சலை அளக்கவே அத்தகைய டைஅமீன்களைத்தான் பயன்படுத்துகிறோம். சாயத்தை அது நேரடியாகப் பிடித்துவிட்டால் செல்லின் கதை நமக்குத் தெரியாது. ஆகவே மீடியத்தை உறிஞ்சி, கால்சியம் உள்ள உப்புக்கரைசலில் இருமுறை கழுவிய பின்பே 5 மைக்ரோமோலார் சாயத்தை 37 டிகிரியில் 30 நிமிடம் கொடுங்கள். மீண்டும் கழுவி, 20 நிமிடம் காத்திருந்து, நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கத் தூண்டும் பிராடிகைனின் கொடுத்து 495/515 நானோமீட்டரில் (தூண்டும் ஒளி/வெளிவரும் ஒளி) படியுங்கள். சோதனைத் தட்டில் செல் இல்லாத கிணறு (குழி) ஒன்றில் டைஅசிடேட் அல்லாத டாஃப்-எஃப்எம்முடன் மெத்தில்கிளையாக்சலைச் சேர்த்துப் பார்ப்பது கட்டாயம். நைட்ரிக் ஆக்சைடு நொதிகளைத் தடுக்கும் எல்-நேம் (L-NAME) 100 மைக்ரோமோலார் முன்கூட்டியே கொடுத்தும் ஒளி குறையாவிட்டால் அது நைட்ரிக் ஆக்சைடு அல்ல.

மெத்தில்கிளையாக்சலைத் தடுக்க அமினோகுவானிடின் சேர்க்காதீர்கள். அது ஐநாஸையும் தடுக்கும். கடைசியில் ஒவ்வொரு கிணற்றின் அளவையும் அதன் புரத அளவால் வகுங்கள். செத்த செல்லும் நைட்ரிக் ஆக்சைடு தராது, அதனால் செல் சாவைக் காட்டும் எல்டிஹெச் (LDH) சோதனையையும் அதே தட்டில் செய்துவிடுங்கள்.