ஓடும் காரில் ஏசி நின்றால் கேஸ் சிலிண்டரை உருட்டாதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பட்டறையில் தினமும் இதே பேச்சுதான். "அண்ணே, எடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. போகப்போக கூலிங் நின்னுருச்சு." வண்டிக்காரர் சொல்லி முடிப்பதற்குள், புதிதாகத் தொழில் பழகும் தம்பிகள் கேஸ் சிலிண்டரோடு வந்து நிற்கிறார்கள். பட்டனைப் போடாதது, கண்ணாடியை ஏற்றாதது மாதிரி சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். பழகும் தம்பிகள் செய்கிற பெரிய தவறுகள் இவை.

எடுத்ததும் கேஸ் அடிப்பது

ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குறையாமலே கூலிங் நிற்கவும் காரணங்கள் உண்டு.

திருநெல்வேலிக்கு அடிக்கடி போய்வரும் ஒரு குடும்பத்தின் கார் வந்தது. திருமங்கலம் தாண்டும்வரை உள்ளே நடுங்குமாம். கோவில்பட்டி நெருங்கும்போது ப்ளோயர் சத்தம் கேட்கும், காற்று வராது. வழியில் ஒரு கடையில் கேஸ் அடித்திருக்கிறார்கள். அடுத்த பயணத்தில் வேறொரு கடையில் மறுபடியும். இரண்டு இடத்திலும் கேஸை எடை போட்டு ஏற்றவில்லை. நடந்தது என்னவென்றால், டேஷ்போர்டுக்குள் கூலிங் காயில் பனி பிடித்து அடைத்துக்கொண்டது. கடையில் வண்டி நின்ற நேரத்தில் பனி உருகிவிட, கேஸ் அடித்ததால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்! பனி பிடித்த காயிலில் கேஸ் முழுதாக ஆவியாகாது. ஆவியை மட்டுமே அழுத்த வேண்டிய கம்ப்ரஸருக்குத் திரவமாகவே திரும்பும். அதற்குமேல் அளவுக்கு மீறிய கேஸ் வேறு. எங்களிடம் வரும்போது கம்ப்ரஸர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பிரித்தால், காயிலில் செருகியிருக்க வேண்டிய சென்சார் நழுவித் தொங்குகிறது. காயில் உறையப்போவது அதற்குத் தெரியாது, கம்ப்ரஸரும் நிற்காது. சென்சாரை இடத்தில் செருகினால் தீர்ந்திருக்கும் வேலைக்குக் கம்ப்ரஸர் விலை கொடுத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

காற்று குறைந்தால் ஏசியை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் வேகமாக ஓடவிடுங்கள். காற்று திரும்பினால் பனிதான். முதலில் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள், அப்புறம் சென்சார். கேஸ் குறைந்தாலும் காயில் உறையும் என்பதால் கேஸ் அழுத்தம் காட்டும் கேஜையும் மாட்டிப் பாருங்கள். குறைவுதான் என்றால் கசிவை அடைத்து, வேக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிற கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்றுங்கள். கேஸ் வகையும் அதிலேயே இருக்கும்: ஆர்134ஏ அல்லது புது வண்டிகளில் ஆர்1234ஒய்எஃப். ஒன்றுக்கு மற்றொன்று கூடாது.

காற்றா, குளிரா என்று கேட்காதது

காற்று நன்றாக வந்து, ஆனால் சூடாக வந்தால் கதையே வேறு. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது வேகும், ரிங் ரோட்டில் ஓடும்போது குளிரும் என்றால், முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் ஃபேனைப் பாருங்கள். ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில். கண்டென்சரில் மண் அப்பியிருந்தாலும் இப்படித்தான்.

ஹீட் முள்ளைக் கவனிக்காதது

இன்ஜின் சூடு எல்லை மீறினால் பல வண்டிகளில் கம்ப்யூட்டரே ஏசியை வெட்டிவிடும். வண்டியை ஓரங்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

கசிவை அடைக்கும் கெமிக்கல்

வேண்டவே வேண்டாம்.

ஆறிய வண்டியைச் சோதிப்பது

கம்ப்ரஸரைப் பெல்ட் புல்லியோடு இணைக்கும் க்ளட்ச் தேய்ந்திருந்தால், ஆறியிருக்கும்போது ஒழுங்காகப் பிடிக்கும், சூடேறினால் விட்டுவிடும். பட்டறை நிழலில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஓட்டிப் பாருங்கள். கூலிங் நின்ற கையோடு, இன்ஜினை அணைக்காமல் பானெட்டைத் திறந்து, க்ளட்ச் தகடு புல்லியோடு சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சட்டைக் கை, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகவேண்டாம்.