அணைந்த கலங்கரை விளக்கத்துக்குக் கிளம்பும் முன் தண்ணீரிடம் நேரம் கேளுங்கள்

பழைய கலங்கரை விளக்கம் ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்றால் எல்லோரும் முதலில் விசாரிப்பது எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதைத்தான். பாறை மேலே, ரோட்டோரமாக நிற்கிற கோபுரத்துக்கு அது போதும். ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தில் நிற்பதற்குப் போதாது. அங்கே கதவைத் திறப்பது ஆள், வழியைத் திறப்பது ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும்.

நான் முதல் முறை போனபோது கதவு திறந்திருந்தது, வழிதான் இல்லை. கூப்பிடு தூரத்தில் வெள்ளைக் கோபுரம் நிற்கிறது, நடுவில் பழுப்பு நிறத் தண்ணீர், படத்தில் நான் பார்த்து வைத்திருந்த நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் வழிகாட்டிக் கம்பு இரண்டு மட்டும் கழுத்தளவு முழுகி நின்றன. தப்பு என்னுடையதுதான், ஓத அட்டவணையைப் புரட்டியே பார்க்கவில்லை. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றில் 1869-இல் கட்டிய சாகர்டீஸ் விளக்கத்துக்கும் இதே கதைதான்: அரை மைல் நடைபாதை, ஏற்றத்தின்போது சில இடங்களில் தண்ணீருக்குள் போய்விடும். அந்த இடம் கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அதனால் முதல் வேலை, போகிற நாளின் ஓத அட்டவணை. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பெரும்பாலான இடங்களில் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும், ஆகவே நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று போனவர் பத்து மணிக்குப் போனேன் என்றால் இன்றைக்கு உங்களுக்கு அது ஏறத்தாழ பத்து ஐம்பது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். நடந்து போக வசதி என்று தோன்றினாலும் திரும்பி வரும் தண்ணீரும் அந்த நாட்களில்தான் வேகமாக வரும். இன்னொரு விஷயம், அட்டவணையில் போட்டிருப்பது பெரும்பாலும் முகத்துவாரத் துறைமுகத்தின் நேரம், உள்ளே போகப் போக அது தாமதமாகும். மேலே மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வந்தாலோ, கடலிலிருந்து பலமாகக் காற்று அடித்தாலோ அட்டவணை சொல்வதைவிடத் தண்ணீர் உயரும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துகிற நாடு என்றால், அட்டவணை எந்த நேரத்தில் அச்சாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சில அட்டவணைகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஏறுகிற தண்ணீர் ஒரே சீராக ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும், நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி வந்துவிடும். மாலுமிகளின் பழைய கைக்கணக்கு இது. கழிமுகங்கள் பலவற்றில் இதைவிடவும் மோசம், ஏனென்றால் அங்கே வற்றுவதற்கு ஆகிற நேரத்தைவிட ஏறுவதற்கு ஆகிற நேரம் குறைவு. அதனால் வற்றிக்கொண்டிருக்கும்போதே நடக்க ஆரம்பியுங்கள், முழு வற்றம் ஆகிற நேரத்தில் திரும்புகிற பாதையில் கால் வைத்திருங்கள். அதற்கு மேல் தங்கினால் அடுத்த வற்றம் வரை கோபுரத்தடியில் உட்கார வேண்டியதுதான்.

ஆபத்து எதிரில் இருந்து வரும் என்று நினைப்போம். கழிமுகத்தில் அது முதுகுப் பக்கமாக வரும். நீங்கள் நிற்கிற மணல் திட்டு கொஞ்சம் மேடு, அதற்கும் கரைக்கும் நடுவே ஓடுகிற சின்ன வாய்க்கால் பள்ளம். தண்ணீர் முதலில் நிரப்புவது அந்தப் பள்ளத்தைத்தான். எதிரே கடல் இன்னும் தூரத்தில் இருக்கும், பின்னால் வழி போயிருக்கும்.

சேறு வேறு. மேலே கெட்டியான தரை மாதிரி இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். குறி போட்ட பாதையை விட்டு ஒரு படத்துக்காகக்கூட இறங்காதீர்கள். மாட்டிக்கொண்டால் திமிறக் கூடாது, திமிறத் திமிற உள்ளேதான் போகும். பையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து உடம்பின் பாரத்தைப் பரப்புங்கள், காலை மெதுவாக ஆட்டி ஆட்டித் தண்ணீர் உள்ளே புக இடம் கொடுங்கள், வெளியே வந்ததும் வந்த வழியிலேயே தவழ்ந்து போங்கள். உடனே உதவிக்கும் கூப்பிடுங்கள், வெட்கப்பட நேரம் இல்லை. செருப்பு வேண்டாம், சேறு முதலில் பிடுங்குவது அதைத்தான். கயிறு கட்டுகிற பழைய ஷூ நல்லது.

கிளம்பும் முன் இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: கோபுரம் இப்போது யார் கையில் இருக்கிறது? அணைந்த விளக்கங்கள் சில அருங்காட்சியகம் ஆகியிருக்கின்றன, சில வீடாகவே மாறிவிட்டன. இங்கிலாந்தில் பாரட் ஆற்று முகத்தில் பர்னம்-ஆன்-சீ என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1832-இல் கட்டிய உயரமான விளக்கத்தை 1993-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அது தனியார் சொத்து, வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதன் ஜோடி, மரக்கால்கள் மேல் நிற்கிற குட்டி விளக்கம், கடற்கரையில் இன்னும் வேலை செய்கிறது.

சரி, கோபுரத்தடிக்கு வந்துவிட்டீர்கள். உடனே படியேறாமல் ஒரு சுற்று வாருங்கள். உச்சியில், கூரைக்கு மேலே, ஓர் உலோக உருண்டை இருந்தால் அது பெரும்பாலும் அலங்காரத்துக்கு வைத்ததல்ல, எண்ணெய் விளக்கின் புகையும் சூடும் வெளியேற வைத்த புகைபோக்கி. விளக்கறைக் கண்ணாடிகளைப் பிடித்திருக்கிற சட்டங்கள் சில கோபுரங்களில் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இருக்கும். நேர்ச் சட்டம் என்றால் ஏதாவது ஒரு திசைக்கு அது வெளிச்சத்தை மறைத்துவிடும், அதற்காகத்தான் இந்தச் சாய்வு. கோபுரத்துக்குப் பின்னாலோ முன்னாலோ இன்னொரு விளக்கம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் இரண்டும் ஜோடி: ஆற்றுக்குள் வருகிற கப்பலில் இருந்து பார்க்கும்போது மேல் விளக்கும் கீழ் விளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றால் கப்பல் சரியான தடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கப்பல் தடம் நகர்ந்தால் ஜோடி பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

என்னைக் கேட்டால் அணைந்த விளக்கத்தில் பார்க்க வேண்டியதே இதுதான்: ஏன் அணைத்தார்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் உண்டு, அது பெரும்பாலும் அங்கிருந்தே கண்ணுக்குத் தெரியும். நியூயார்க்கில் ஹட்சன் கரையில் இருக்கிற ஜெஃப்ரீஸ் ஹூக் விளக்கத்துக்கு நேர் மேலே 1931-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வந்தது. அவ்வளவு வெளிச்சத்துக்குக் கீழே நாற்பது அடி விளக்கு எதற்கு, 1948-இல் நிறுத்திவிட்டார்கள். ருமேனியாவில், டான்யூப் ஆற்றின் கழிமுகத்தில், சுலினா என்ற ஊரில் 1870 வாக்கில் கட்டி முடித்த விளக்கம் தண்ணீரின் விளிம்பில்தான் நின்றது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்க, கடல் விலகிப் போய், இன்று அந்தக் கோபுரம் ஊருக்குள் நிற்கிறது.

உள்ளே படிக்கட்டு சுழலும், குறுகும். கடைசிப் பகுதி பல இடங்களில் படியே இல்லை, இரும்பு ஏணியும் தலைக்கு மேலே ஒரு மூடியும்தான். முதுகுப் பை, குடை எல்லாம் கீழேயே வைத்துவிடுங்கள், இரண்டு கையும் வேண்டும். அடைந்த இடம் பயம் என்றால் பாதியில் நிற்க வெட்கப்படாதீர்கள், ஆனால் உங்கள் பின்னால் கூட்டம் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இறங்கும்போது ஏணியில் முகம் ஏணியைப் பார்த்தபடி இறங்குங்கள், முழங்கால் வலி இறங்கும்போதுதான் வரும்.

ஏறும் வழியில் நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரு வெற்றுக் குழாய் போவதைப் பார்த்தால் அதன் அருகே கொஞ்சம் நில்லுங்கள். பெரிய சுவர்க்கடிகாரம் மாதிரி, ஒரு பாரம் அந்தக் குழாயில் மெல்ல இறங்கி மேலே இருக்கிற லென்ஸைச் சுற்றியது. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை காப்பாளர் அதைக் கையால் சுற்றி மேலே ஏற்ற வேண்டும், ராத்திரி முழுக்க.

விளக்கறையில் லென்ஸ் இல்லாமல் பீடம் மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள், பல இடங்களில் அதைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிட்டார்கள். இருந்தால் அநேகமாகச் சின்னதாகத்தான் இருக்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெல் கலங்கரை விளக்கங்களுக்காக வடிவமைத்த லென்ஸ்களில் கடலோரத்துப் பெரிய முதல் வகைக்குக் குவியத் தூரம் (விளக்குக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள தூரம்) 920 மில்லிமீட்டர், ஆறாம் வகைக்கு 150 மட்டும், ஆற்றுக்கும் துறைமுகத்துக்கும் சின்ன வகைகளே போதும். இதில் வேடிக்கை, ஃப்ரெனெல் தன் முதல் லென்ஸை 1823-இல் ஏற்றியதே ஒரு கழிமுகத்தில்தான்: பிரான்சில் ஜிரோந்து முகத்தில் இருக்கிற கோர்துவான் விளக்கம், 1611-இல் கட்டி முடித்தது, இன்றும் எரிகிறது, அங்கேயும் பார்வையாளர்கள் வற்றத்தை ஒட்டித்தான் போக முடியும்.

கூரையோரம் வரிசையாகக் கொக்கிகள் இருக்கின்றனவா பாருங்கள். பகலில் திரை மாட்டுவதற்கு. திரை இல்லாவிட்டால் வெயில் லென்ஸ் வழியே குவிந்து உள்ளேயே தீப்பிடிக்கலாம். சுழலும் லென்ஸ் இருந்த இடங்களில் பீடத்தின் கீழே பாதரசத் தொட்டி இருந்திருக்கலாம், டன் கணக்கான கண்ணாடியையும் விரலால் தள்ளிச் சுற்ற வைத்தது அதுதான். பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பீடத்தின் இடுக்கில் குழந்தைகள் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளி மணி மாதிரி ஏதாவது உருண்டால் தொடாமல் அங்கே இருப்பவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் சிவப்புக் கண்ணாடி. எல்லாக் கண்ணாடியும் வெள்ளையாக இருக்க ஒன்றோ இரண்டோ மட்டும் சிவப்பாக இருந்தால், விளக்கு இருந்த இடத்தில் நின்று அதன் வழியே பாருங்கள். அந்தத் திசையில் மணல் திட்டோ பாறையோ இருந்திருக்கும். சிவப்பு வெளிச்சம் கண்ணில் பட்டால் மாலுமி விலகிப் போக வேண்டும். வற்றத்தில் போனதால் உங்களுக்கு அது நேரிலேயே தெரியலாம். நான் பார்த்தபோது சிவப்புக்கு நேரே புல் முளைத்துப் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன, கப்பல் போகலாம் என்று விட்டிருந்த வெள்ளைப் பக்கத்தில் சேறு மின்னியது, நிஜக் கப்பல் ஒன்று வேறெங்கோ, தூரத்தில், மிதவைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

வெளிவட்ட மேடைக்குப் போனால் தொப்பியைக் கழற்றிவிடுங்கள், போனைக் கயிற்றில் கட்டுங்கள். கீழே காற்றே இல்லாத நாளிலும் மேலே அடிக்கும். கம்பி துருப்பிடித்திருக்கலாம், சாய வேண்டாம்.

திரும்பும் நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்திருப்பீர்கள் இல்லையா, அடித்ததும் இறங்குங்கள், இன்னும் ஒரே ஒரு படம் என்று நிற்காதீர்கள். கரைக்கு வந்ததும் ஷூவில் ஒட்டிய சேற்றை ஈரத்தோடு துடைத்தால் இழுபடும். காயவிட்டுத் தட்டினால் தானாக உதிரும். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடுங்கள், உப்பு தங்கினால் அடுத்த முறைக்குள் தையல் விட்டுப்போகும்.