முன்மாதிரியைச் சோதித்துத் தொழிலாக வளர்ப்பது எப்படி?

உங்கள் புதிய கருவியின் சோதனை வடிவமான முன்மாதிரியை முதலில் நண்பர்களிடம் காட்ட வேண்டாம்; உங்கள் மனம் நோகக்கூடாதென்று பாராட்டிவிடுவார்கள். அந்தக் கருவி தீர்க்க முயலும் சிக்கலை அன்றாடம் சந்திக்கும் ஐந்து பேரிடம், விளக்கம் எதுவும் கூறாமல் கருவியைக் கொடுத்து, எந்தப் பொத்தானுக்கு முன் விரல் தயங்குகிறது, எந்த மூடியைத் தவறான பக்கம் திருகுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மூவர் தடுமாறினால், பிழை வடிவமைப்பினுடையது. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் கணித்தபடி, ஐவரைக் கொண்ட சோதனையே ஏறக்குறைய 85 விழுக்காடு குறைகளைக் காட்டிவிடும். ஆகவே, அவற்றைத் திருத்திவிட்டு வேறு ஐவரிடம் கொடுப்பதே சிக்கனம்.

"வாங்குவீர்களா?" என்பதற்குக் கிடைக்கும் 'ஆம்' பெரிதாக உதவாது, முன்பணம் கேட்டுப் பாருங்கள். பல நாடுகளில், பொதுவெளியில் காட்டிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைப்பது கடினம் என்பதால், விண்ணப்பத்தை அதற்கு முன்பே தாக்கல் செய்யுங்கள். முன்பணம் தருவோர் தொடர்ந்து வரத் தொடங்கிய பின் நிறுவனத்தைப் பதிவு செய்யலாம்.